சிவப்பா, வெள்ளையா? பிரெஞ்சு ஒயினைச் சுவைத்து ஒப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆறேழு பேர் உட்காருவோம். ஆளுக்கொரு புட்டி. எல்லாம் பிரெஞ்சு ஒயின், பாதி சிவப்பு, பாதி வெள்ளை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வருவார், போன முறை வந்தவர் கேட்ட அதே கேள்விகளைக் கேட்பார். அவற்றையும் என் பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன். எனக்கு இது தொழில் இல்லை. பன்னிரண்டு வருடமாகக் குடித்து, துப்பி, தப்புச் செய்து கற்றதுதான்.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் நிறத்தைத் தவிர உண்மையில் என்ன வித்தியாசம்?

தோல். விஷயம் முழுக்க அதில் இருக்கிறது.

கறுப்புத் திராட்சையை நறுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும். சாற்றை உடனே பிழிந்து தோலை ஒதுக்கிவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயின் வரும். ஷாம்பெய்னில் அப்படித்தான் செய்கிறார்கள். பினோ நுவார் கறுப்புத் திராட்சை, ஷாம்பெய்ன் வெள்ளை. சிவப்பு ஒயினுக்குச் சாறு, தோல், விதை எல்லாவற்றையும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். சில நாளில் முடிப்பவர்களும் உண்டு, மூன்று வாரம் ஊறப்போடுகிறவர்களும் உண்டு. டிகாக்‌ஷன் இறங்குகிற மாதிரி தோலிலிருந்து நிறம் இறங்கும், கூடவே டானின் இறங்கும்.

டானின் என்றால் துவர்ப்பு. ஆங்கிலப் புத்தகங்களில் இந்த ஒரு உணர்வை விளக்க ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள்: ஈறு இழுக்கும், நாக்கு காயும், கன்னத்தின் உள்பக்கம் சொரசொரக்கும் என்று. நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ தின்றவருக்கு, பச்சை நாவல் பழத்தைக் கடித்தவருக்கு, கொட்டைப்பாக்கு மென்றவருக்கு விளக்கமே வேண்டாம். எச்சிலில் வழுவழுப்பைத் தருகிற புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது, அதனால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. வாழைப்பூவை மோரில் போடுவதும், தேயிலைக் கஷாயத்தில் பால் விடுவதும் இதே கணக்குத்தான்: டானின் பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், நம் எச்சில் தப்பிக்கும். ஒயினுக்குப் பேர்போன போர்தோ பகுதியில் காலங்காலமாகப் பீப்பாய்க்குள் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றித் துவர்ப்பைத் தணிக்கிறார்கள். மீந்துபோன மஞ்சள் கருவை வைத்துத்தான் அந்த ஊர் கனலே கேக் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், கேக் நன்றாகவே இருக்கும்.

ஆகவே வெள்ளையை நிமிர்த்தி நிறுத்துவது புளிப்பு. சிவப்பை நிறுத்துவது துவர்ப்பு, புளிப்பு இரண்டும். ஒப்பிடும்போது முதலில் இந்த இரண்டை மட்டும் தேடுங்கள். பழம், பூ, ஈர மண் என்று லேபிளில் எழுதியிருப்பதெல்லாம் அப்புறம்.

கண்ணைக் கட்டிவிட்டால் எது சிவப்பு, எது வெள்ளை என்று தெரியுமா?

தெரியும் என்று அடித்துச் சொல்கிறவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வு இதில் பிரபலம். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின் ஒன்றும் சிவப்பு ஒயின் ஒன்றும் கொடுத்து, வாசனையை விவரிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் அதே வெள்ளை ஒயினையும், அதிலேயே வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் போட்டதற்கு மாணவர்கள் எழுதியது சிவப்பு ஒயினுக்கான சொற்கள். மூக்கு சொல்ல வேண்டியதைக் கண் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

ஆனால் அதில் கேட்டது வாசனையை மட்டும். வாயில் வைத்தால் துவர்ப்பு காட்டிக்கொடுக்கும், பெரும்பாலும். எங்கள் வீட்டில் கறுப்புக் கண்ணாடி கிளாஸ் கிடையாது என்பதால் சாதாரண கிளாஸைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுற்றி இதைச் செய்து பார்த்தோம். போஜோலே என்ற லேசான சிவப்பு ஒன்றைக் குளிரவைத்து ஊற்றினேன்; ஆறில் நான்கு பேர் வெள்ளை என்றார்கள். பீப்பாயில் கிடந்த கனமான வெள்ளை ஒன்றை அறை வெப்பத்தில் கொடுத்தபோது நானே சிவப்பு என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, என் மனைவியின் உபயம்.

ஆரம்பிப்பவர் எந்தெந்தப் புட்டிகளை வாங்கலாம்?

விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட ஜோடியாக இரண்டு வாங்குங்கள். ஒரு ஒயினைத் தனியாகக் குடித்தால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல வராது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் வாய் தானாகப் பேசும். ஆனால் இரண்டுக்கும் நடுவே நீங்கள் தேடுகிற வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

வெள்ளைக்கு நான் எப்போதும் சொல்வது ஷாப்லியும் புயி-ஃபுய்ஸேயும். இரண்டும் பர்கண்டி, பிரெஞ்சுக்காரர்கள் பூர்கோஞ் என்பார்கள். இரண்டும் சார்டனே திராட்சை. ஷாப்லி வடக்கே, குளிர் அதிகம், மண்ணில் சிறு சிப்பிகளின் புதைபடிவம் நிறைந்த சுண்ணாம்பு, சாதாரண ஷாப்லியைப் பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் வைப்பார்கள். எலுமிச்சையும் ஈரக்கல்லுமாக இருக்கும். புயி-ஃபுய்ஸே தெற்கே, வெயில் கூடுதல், பலரும் ஓக் பீப்பாயில் வைப்பார்கள். வெண்ணெய், வறுத்த பருப்பு என்று வாய் நிறைய வரும். திராட்சை ஒன்றே என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். (பெயர் ஒத்திருக்கிறதே என்று புயி-ஃப்யுமே வாங்கிவிடாதீர்கள். அது லுவார் ஆற்றங்கரை, சோவின்யோன் ப்ளான் திராட்சை, சம்பந்தமே கிடையாது. நான் ஒரு தடவை வாங்கினேன்.)

சிவப்பில் துவர்ப்பைப் புரிந்துகொள்ள ஒரு மோர்கோனும் ஒரு மாதிரானும். மோர்கோன் போஜோலே மலைச்சரிவில் விளையும் கமே திராட்சை. குலையைக் காம்போடு முழுசாகத் தொட்டியில் போட்டு நொதிக்கவைப்பது அங்கே வழக்கம், துவர்ப்பு குறைவாகவே இறங்கும். மாதிரான் தென்மேற்கு, அதன் திராட்சைக்குத் தன்னா என்றே பெயர். இளசான மாதிரான் ஒரு வாய் குடித்தால் பாக்கு மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது விளையாட்டு, குடும்பச் சுவைப்பு. போர்தோவின் மெதோக் பகுதிச் சிவப்பு ஒயின்களின் தூண் கபெர்னே சோவின்யோன் திராட்சை. 1997இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையில் அதன் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள்: கபெர்னே ஃப்ரான் என்ற கறுப்புத் திராட்சையும் சோவின்யோன் ப்ளான் என்ற வெள்ளைத் திராட்சையும். பெயரிலேயே இரண்டு பேரும் இருந்தும் அதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. லுவாரிலிருந்து ஒரு ஷினோன் (கபெர்னே ஃப்ரான்), ஒரு தூரேன் சோவின்யோன் (சோவின்யோன் ப்ளான்), போர்தோவிலிருந்து ஒரு மெதோக், மூன்றையும் வரிசையாக வையுங்கள். ஒரு பச்சைக் குடைமிளகாயை நறுக்கிப் பக்கத்தில் வைத்து முகர்ந்துவிட்டு கிளாஸை முகருங்கள். ஒன்றில் தூக்கலாக, ஒன்றில் புல்போல, ஒன்றில் பழத்துக்கு அடியில் ஒளிந்தபடி அந்தப் பச்சை வாசனை மூன்றிலும் கிடைக்கும், ஆண்டு ரொம்ப வெப்பமாக இருந்திருந்தால் தவிர. தாத்தா மூக்கு பேரனுக்கு வந்ததைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

என்ன கிளாஸ்? எவ்வளவு ஊற்றுவது?

மேலே குறுகி அடியில் அகன்ற, காம்புள்ள எந்தக் கிளாஸும் போதும். பிரான்ஸில் சுவைப்பதற்கென்றே இனாவோ கிளாஸ் என்று ஒன்று உண்டு, சின்னது, துலிப் வடிவம், சர்வதேசத் தர அளவும் அதற்கு இருக்கிறது. மலிவு. அதில் 50 மில்லி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு 75 சென்டிலிட்டர் புட்டி பதினைந்து பேருக்கு வரும். முக்கியம், எல்லோருக்கும் எல்லாப் புட்டிக்கும் ஒரே மாதிரி கிளாஸ்.

சிவப்பை அறை வெப்பத்தில், வெள்ளையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து. சரிதானே?

இரண்டுமே தப்பு. அந்த ‘அறை வெப்பம்’ ஹீட்டர் இல்லாத காலத்துப் பிரெஞ்சு வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. இன்றைய ஃபிளாட்டில் 22 இருக்கும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினில் சாராய நெடிதான் முதலில் ஏறும். பரிமாறுவதற்கு முன் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளைக்கு எதிர்மாறு: ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் வாசனை உறைந்து கிடக்கும். எடுத்து வைத்து 10, 12 டிகிரிக்கு வந்தபின் முகர்ந்தால்தான் காசு கொடுத்ததற்கு அர்த்தம். சுமாரான வெள்ளை என்றால் நன்றாகக் குளிரவைத்தே கொடுத்துவிடுங்கள், குறை தெரியாது. இது விருந்து கொடுப்பவருக்கான யோசனை, ஒப்பிடுபவருக்கு இல்லை. டானின் குளிரில் இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும், அதனால் மாதிரானைச் சில்லென்று குடிக்க வேண்டாம். போஜோலேயை 13 டிகிரியில் தாராளமாகக் குடிக்கலாம்.

எதை முதலில் சுவைப்பது?

இங்கே ஒரு பழமொழி: ‘ப்ளான் சூர் ரூஜ், ரியான் ந பூஜ், ரூஜ் சூர் ப்ளான், தூ ஃபூ ல கான்’. சிவப்பின் மேல் வெள்ளை என்றால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், வெள்ளையின் மேல் சிவப்பு என்றால் எல்லாம் அமளி என்று பொருள். வேடிக்கை என்னவென்றால் இதே நாட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் வெள்ளையில் ஆரம்பித்துச் சிவப்புக்குத்தான் போகிறார்கள். துவர்ப்பு நாக்கில் தங்கிவிடும், அதற்குப் பிறகு மெல்லிய வெள்ளை எடுபடாது என்பது காரணம். ஆனால் பர்கண்டியில் நிலவறைக்குப் போனால் பல தயாரிப்பாளர்கள் முதலில் சிவப்பை ஊற்றிவிட்டுக் கடைசியில் வெள்ளையைக் கொடுப்பார்கள். அங்கே சிவப்பு பினோ நுவார், துவர்ப்பு குறைவு. வெள்ளைதான் புளிப்பும் கனமுமாக இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள். லேசானது முன்னால், கனமானது பின்னால், இனிப்பு கடைசியில்.

சரி, கிளாஸ் கையில் இருக்கிறது. இனி என்ன?

வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். சிவப்பு வயதாக வயதாக நிறம் இழக்கும்: ஊதாவில் தொடங்கி, மாணிக்கம், அப்புறம் செங்கல். வெள்ளை நிறம் ஏறும்: வைக்கோல், பொன், பிறகு தேன். இரண்டும் போதுமான காலம் கிடந்தால் ஒன்றையொன்று நோக்கி நடந்து வருகிற மாதிரி இருக்கும். கிளாஸின் உள்சுவரில் கோடுகோடாக வழிகிறதே அதற்குக் கண்ணீர் என்று பெயர்; ஆல்கஹால் ஆவியாவதால் வருவது. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, யார் என்ன சொன்னாலும்.

முதலில் ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு மேசைமேல் வைத்தே கிளாஸைச் சுழற்றிவிட்டு இன்னொரு முறை. வித்தியாசம் தெரியும்.

குடிக்கும்போது ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்து, கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சூடான ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் வரும், வெட்கப்பட வேண்டாம். ஆறேழு நொடி வாய்க்குள் சுற்றவிட்டுத் துப்புங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறும் கன்னமும் காய்ந்தால் துவர்ப்பு. தொண்டையில் சூடு என்றால் ஆல்கஹால். துப்பிய பிறகு மணம் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். அதற்கு இங்கே ஓர் அலகே வைத்திருக்கிறார்கள், கோதாலி. ஒரு கோதாலி ஒரு நொடி. அலகு கண்டுபிடிக்கிற அளவுக்குக் கவலைப்பட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

எல்லாரும் காசிஸ், வயலட் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே?

காசிஸ் என்கிற கறுப்பு நிறச் சிறு பழத்தைச் சின்ன வயதில் தின்றிருந்தால்தானே தெரியும்! எனக்கும் முதல் இரண்டு வருடம் இதே தாழ்வு மனப்பான்மை. பயிற்சிக்கு என்று 54 குப்பிகள் கொண்ட வாசனைப் பெட்டி விற்கிறார்கள், நல்ல விலை. என் கைவசம் அஞ்சறைப்பெட்டி இருந்தது.

அதில் பாதி சரக்கு உண்மையிலேயே ஒயினில் இருக்கிறது, உவமைக்காகச் சொல்லவில்லை. வட ரோன் பள்ளத்தாக்கின் சிரா திராட்சையில் வருகிற மிளகு வாசனைக்கு ரோட்டண்டோன் என்ற பொருள் காரணம். மிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அதைப் பிடித்தார்கள். புது ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் கிராம்பு வரும், காரணம் யூஜினால், கிராம்பு எண்ணெயில் இருப்பது. வனிலாவும் அந்தப் பீப்பாயிலிருந்தே. ஜூரா மலைப்பகுதியில் வான் ஜோன் என்று ஒரு மஞ்சள் ஒயின், சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. ஆறு வருடத்துக்கு மேல் பீப்பாயில், குறைந்தாலும் நிரப்பாமல், மேலே ஈஸ்ட் படலம் படரவிட்டு வைப்பார்கள். 62 சென்டிலிட்டர் குட்டைப் புட்டியில் வரும். அதை முதன்முதலில் முகர்ந்தபோது எங்கள் மேசையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்ன சொல் ‘வெந்தயம்’. பிரெஞ்சுப் புத்தகத்தில் வால்நட், கறி என்று போட்டிருந்தது. சோட்டலோன் என்பது அந்த மணப்பொருளின் பெயர், வெந்தயத்தில் நிறைய இருக்கிறது. எங்கள் மூக்கு புத்தகத்தைவிடக் கிட்டத்தில் நின்றது.

ஆகவே உங்கள் சொல்லில் எழுதுங்கள். அல்சாஸின் கெவுர்ஸ்ட்ராமினரை முகர்ந்துவிட்டு ‘குல்கந்து’ என்றார் ஒரு தோழி. ரோஜா, லிச்சி என்று புத்தகம் சொல்வது அதைத்தான்.

லேபிளில் திராட்சைப் பெயரே இல்லை. எப்படி வாங்குவது?

பிரெஞ்சு லேபிள் ஊரைச் சொல்லும், திராட்சையை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அல்சாஸ் மட்டும் பெரிய விதிவிலக்கு, அங்கே ரீஸ்லிங் என்றால் ரீஸ்லிங் என்று போட்டிருப்பார்கள். ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் 1935இல் வந்தது; எந்த ஊர்ப் பெயருக்கு எந்தத் திராட்சை, ஒரு எக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் அதன்படி கட்டுப்பாடு. சான்சேர் வெள்ளை என்றால் சோவின்யோன் ப்ளான். சான்சேர் சிவப்பும் உண்டு, அது பினோ நுவார். அதே ஊரின் சிவப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல வழி.

தரப் படியைச் சொல்ல லேபிளில் வரும் ‘க்ரு’ என்ற சொல்லில் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். பர்கண்டியில் க்ரான் க்ரு உச்சம், ப்ரெமியே க்ரு அதற்கு ஒரு படி கீழே. மெதோக்கில் 1855இல் போட்ட தரவரிசைப்படி ப்ரெமியே க்ருதான் உச்சம், அந்தத் தோட்டங்கள் ஐந்து: லஃபீத், லதூர், மார்கோ, மெதோக்குக்கு வெளியே கிராவ் பகுதியிலிருந்து ஓ-ப்ரியோன், 1973இல் மேலே ஏற்றப்பட்ட மூத்தோன். சான்-தெமிலியோனிலோ க்ரான் க்ரு என்பது ஊர்ப் பெயரின் ஒரு பகுதி மாதிரி, ஏராளமான புட்டிகளில் இருக்கும். ‘பழைய கொடிகள்’ என்று போட்டிருந்தால் எத்தனை வயது என்பதற்குச் சட்ட வரையறை கிடையாது. பொன்னெழுத்தில் ‘போர்தோவின் மகா ஒயின்’ என்று அச்சிட்டிருப்பதையும் கண்டுகொள்ள வேண்டாம்.

ஒரே நிலத்தில் சிவப்பும் வெள்ளையும் விளையுமா?

விளையும். பர்கண்டியில் கோர்த்தோன் குன்றைப் போய்ப் பார்க்க வேண்டும். உச்சியில் தொப்பி மாதிரி காடு. காட்டுக்குக் கீழே வெளிறிய சுண்ணாம்புக் களிமண், அங்கே சார்டனே, கோர்த்தோன்-ஷார்லமாஞ் என்ற வெள்ளை. இன்னும் கீழே இறங்கினால் மண் செந்நிறமாகும், இரும்பு கூடுதல், அங்கே பினோ நுவார், கோர்த்தோன் என்ற சிவப்பு. இரண்டும் க்ரான் க்ரு. குன்று ஒன்றே. சில நிமிட நடைதான் தூரம்.

ஷார்லமாஞ் சக்கரவர்த்திக்கு அங்கே தோட்டம் இருந்தது, 775இல் சோல்யூ ஊர் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். சிவப்பு ஒயின் அவருடைய வெள்ளைத் தாடியில் கறையாக நின்றதைப் பொறுக்காமல் ராணி வெள்ளைத் திராட்சை நடச் சொன்னாள் என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்த நிலவறைகளில் சிவப்பு முதலில், வெள்ளை பிறகு என்று கொடுத்தால் கதை நியாயமாகவே தோன்றும். நான் அங்கே குடித்தது இரண்டே இரண்டு வாய், இரண்டையும் துப்பவில்லை.

பழையதுதானே நல்லது?

பெரும்பாலான பிரெஞ்சு ஒயின், சிவப்போ வெள்ளையோ, மூன்று நான்கு வருடத்துக்குள் குடிக்கவென்றே செய்யப்படுகிறது. நீண்ட காலம் தாங்க டானின், புளிப்பு, சர்க்கரை இவற்றில் ஏதாவது ஒன்று நிறைய வேண்டும். நல்ல மெதோக் இருபது வருடம் தாங்குவது முதலாவதால். லுவாரின் வுவ்ரே வெள்ளை அதைவிடக் கூடத் தாங்கும், புளிப்பால். சோதெர்னின் இனிப்பு வெள்ளையைப் பேரப்பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போகலாம். நவம்பர் மூன்றாவது வியாழன் வருகிற போஜோலே நூவோவைப் பொங்கலுக்குள் முடித்துவிடுங்கள்.

கெட்டுப்போயிருக்கிறதா, சுவையே அப்படியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கசப்பான கதை. பிறந்தநாளுக்கு என்று பர்கண்டிச் சிவப்பு ஒன்று வாங்கினேன், என் கணக்கில் பெரிய காசு. திறந்து ஊற்றினால் பழ வாசனையே இல்லை. மண் மணம், காட்டு மணம், பினோ நுவார் இப்படித்தான் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். குடிப்பழக்கமே இல்லாத நண்பரின் அம்மா கிளாஸை வாங்கி ஒரு முறை முகர்ந்துவிட்டு, “மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கேப்பா” என்றார். அவ்வளவுதான். அதுதான் தக்கைக் கோளாறு, டிசிஏ என்ற பொருள் தக்கையிலிருந்து ஒயினில் இறங்கியிருந்தது. தயாரித்தவர் தப்பில்லை, விலையும் காப்பாற்றாது. நல்ல கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார், புட்டியை முக்கால்வாசி காலி செய்துவிட்டுப் போகாமல் இருந்தால்.

மற்றவை எளிது. காடி வாசனை என்றால் காடியாகிக்கொண்டிருக்கிறது. இளம் வெள்ளை பழுப்பாகி, நறுக்கி வைத்த ஆப்பிள்போல வாசனை வந்தால் காற்றுப் பட்டுவிட்டது. தீக்குச்சி நெடி என்றால் பயப்படாமல் கிளாஸைச் சுழற்றுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

சிவப்பு ஒயினில் இருக்கும் சல்ஃபைட்டால் தலை வலிக்கிறதாமே?

சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள். ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, வெள்ளையில் 200 வரை. டானினே கொஞ்சம் பாதுகாப்பு என்பதால் சிவப்புக்குக் குறைவாகப் போதும். ஆகவே சல்ஃபைட்தான் காரணம் என்றால் வெள்ளைதான் அதிகம் வலிக்க வேண்டும். சல்ஃபைட் சிலருக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. மற்றபடி எத்தனை கிளாஸ், நடுவில் தண்ணீர் குடித்தீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்பது வெறும் சம்பிரதாயமா?

மீன் விஷயத்தில் காரணம் இருக்கிறது. சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து கூடினால் மீனோடு சேரும்போது கவிச்சு தூக்கும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிப்பதும் நாம் முன்பே பார்த்த வாழைப்பூக் கணக்கு. சீஸுக்குச் சிவப்பு என்று எல்லோரும் ஊற்றுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஆட்டுப்பால் சீஸோடு சான்சேர் வெள்ளை, கோந்தே சீஸோடு வான் ஜோன். இதற்கு மேல் பொருத்தம் கிடையாது.

நம்ம சாப்பாடு? காரம் சாப்பிட்ட வாயில் டானின் இன்னும் முரடாகும், ஆல்கஹால் எரியும். மெதோக்கைச் சாம்பாரோடு வைத்து இரண்டையும் கெடுக்காதீர்கள். லேசாக இனிப்புள்ள வுவ்ரே, கெவுர்ஸ்ட்ராமினர் இரண்டும் கோழிச் சுக்காவுக்குத் தாங்கும். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷாப்பெலில் வாங்கிய வாழைப்பூவில் வடை சுட்டுப் போஜோலேயோடு தின்றது எங்கள் கூட்டத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு.

மதிப்பெண் போட்டு ஒப்பிடலாமா?

போடுங்கள், ஆனால் புட்டியை மறைத்துவிட்டுப் போடுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி அதைத்தான் செய்தார். பர்கண்டி வெள்ளையோடும் போர்தோச் சிவப்போடும் கலிஃபோர்னியா ஒயின்களைக் கலந்து, பெயர் தெரியாமல் ஒன்பது பிரெஞ்சு நடுவர்களுக்குக் கொடுத்தார். வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973, இரண்டும் கலிஃபோர்னியா, முதலிடம். கலிஃபோர்னியாவின் நாபா ஒயினைக் குடித்துவிட்டு ‘ஆஹா, மறுபடி பிரான்ஸுக்கு வந்துவிட்டோம்’ என்றார் ஒரு நடுவர். கலிஃபோர்னியா ஒயின் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும், நம்முடையது ஏறும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். 30 வருடம் கழித்து 2006இல் அதே சிவப்புகளை மறுபடி சுவைத்தபோதும் கலிஃபோர்னியாதான் முதலிடம்.

வீட்டில் இன்னும் எளிதான சோதனை: மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடிக்க முடியாதபோது, 15 யூரோ புட்டிக்கும் 40 யூரோ புட்டிக்கும் மதிப்பெண் போட்டு என்ன பயன்?

ஆறு புட்டி சுவைத்தால் போதை ஏறாதா? மிச்சத்தை என்ன செய்வது?

துப்பினால் பெரிதாக ஏறாது. துப்புவதற்கென்று எங்கள் வீட்டில் பித்தளைப் படிக்கம் ஒன்று இருக்கிறது, தாத்தா வெற்றிலைக்கு வைத்திருந்தது, புதுச்சேரியிலிருந்து பெட்டியில் வந்தது. முழுங்குகிறவர்களுக்குப் பிரெஞ்சுப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு வாரத்துக்கு 10 கிளாஸ், நாளுக்கு இரண்டு, அதுவும் தினமும் கூடாது. ஒரு கிளாஸ் என்றால் 10 சென்டிலிட்டர். கர்ப்பிணிகளுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர் வாசனையோடு நிறுத்திக்கொள்வார். எங்கள் கூட்டத்தில் அது முறை வைத்து.

மிச்சத்தைச் சின்னப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும் சேர்த்துத்தான். மூன்று நாள் தாங்கும். மறுநாள் மாலை அதே ஜோடிகளை இன்னொரு முறை முகர்ந்து பாருங்கள்: முந்தின நாள் பாக்காக இழுத்த மாதிரான் கொஞ்சம் இறங்கி வந்திருக்கும், ஷாப்லி அப்படியே நிற்கும், போஜோலே தளர்ந்திருக்கும். அதையும் குறித்துவையுங்கள். நான்காம் நாள் சிவப்பு ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியில்.